காற்றில் கலந்த காரீயம்: எரிபொருளும் தலைமுறைகளின் மனநலமும் – செம்பவாங்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் வடகரையில் ஜொகூர் நீரிணையைப் பார்த்தவாறு அமைந்துள்ள பகுதி செம்பவாங். 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டிஷாரின் கடற்படைத் தளம் அங்கு முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் அத்தளத்தில் வேலை பெற்று, அதனை ஒட்டியே தம் குடும்பங்களையும் நிலைபெறச் செய்தனர். 1968இல் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் பொறுப்பிற்கு மாறியது. 1990களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து, 1996இல் பெருவிரைவு ரயில் நிலையமும் திறக்கப்பட்டபின் செம்பவாங் புதுநகராக உருப்பெற்றது. அதற்கு ஈராண்டுகள் கழித்து, 1998 ஜூலையில், காரீயம் கலந்த பெட்ரோலின் விற்பனை சிங்கப்பூரில் நிறுத்தப்பட்டது.

கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் பிறந்த பாட்டனாரும், 1970களில் பிறந்த மகனும், 2000க்குப் பின் பிறந்த பேரப்பிள்ளையும் இன்று அங்கே ஒரே கூரையின்கீழ் வாழ்தல் இயல்பு. முதல் இருவரும் தம் இளமையில் காரீயம் கலந்த காற்றை உயிர்த்தவர்கள். மூன்றாமவர் அவ்வாறு அல்லர். இவ்வேறுபாடு குடும்பத்தாரின் பேச்சில் இடம்பெறுவதில்லை. எனினும், அறிவாற்றல், மனநலம், ஆளுமை ஆகியவற்றில் அது சுவடுகளை விட்டிருக்கக்கூடும் என்று கடந்த இருபதாண்டுக்கால ஆய்வுகள் எடுத்துரைக்கின்றன. அச்சான்றுகள் எத்தகையன, அவை சிங்கப்பூர்த் தமிழ்ச் சூழலுக்கு எந்த அளவிற்குப் பொருந்தும், தமிழாசிரியர்களாகிய நமக்கு அவற்றால் விளையும் கடமை யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

ஈயம் என்னும் சொல்

முதலில் சொற்சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். தமிழில் ‘ஈயம்’ என்பது இரு வேறு உலோகங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர். வெண்மை மிக்கதை வெள்ளீயம் என்றும், கருமை சார்ந்ததைக் காரீயம் என்றும் நம் முன்னோர் பகுத்தனர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசுதலும் வெள்ளீயத்தைச் சார்ந்தவை. மலாயாத் தமிழரின் வழக்கில் ஈயச் சுரங்கம் என்றால் அதுவும் வெள்ளீயச் சுரங்கமே. இலங்கைத் தமிழிலோ காரீயம் என்ற சொல், பென்சிலில் பயன்படும் கரிப்பொருளாகிய கிராபைட்டைக் குறிக்கின்றது.

இதன் விளைவு சிறிதன்று. ‘ஈயமில்லாப் பெட்ரோல்’ என்ற அறிவிப்பைப் படித்த மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் ஒருவர், தம் வீட்டு ஈயச் சொம்பையும் தந்தையார் உழைத்த ஈயச் சுரங்கத்தையும் நினைவுகூர்ந்து, இதில் அஞ்சுவதற்கு என்ன உள்ளது என்று எண்ணியிருப்பின் அவரைக் குறைகூற இயலாது. தீங்கு விளைக்கும் பொருளுக்குத் தெளிவான பெயர் அமையாதபோது, தீங்கைப் பற்றிய அறிவும் தெளிவாகப் பரவுவதில்லை. எனவே இக்கட்டுரையில் அந்நச்சு உலோகத்தைக் காரீயம் என்ற சொல்லாலேயே குறிக்கின்றோம்.

எரிபொருளில் காரீயம் புகுந்த வரலாறு

மோட்டார் பொறிக்குள் எரிபொருள் உரிய நேரத்திற்கு முன்னரே வெடித்துத் தட்டொலி எழுப்புவது தொடக்கக்காலக் கார்களின் பெருங்குறை. 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் தாமஸ் மிட்கிலி, டெட்ரா எத்தில் காரீயம் என்ற சேர்மத்தைச் சிறிதளவு கலந்தால் அக்குறை நீங்கும் எனக் கண்டறிந்தார். 1923இல் ஒகையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அப்பெட்ரோல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

அச்சேர்மத்தின் தீங்கு முதலில் வெளிப்பட்டது மனநிலையில் என்பது கருதத்தக்கது. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் அதனைத் தயாரித்த தொழிலாளர் சித்தம் கலங்கி, இல்லாதனவற்றைக் கண்டு வெருண்டனர், ஐவர் மாண்டனர். டூபாண்ட் நிறுவனத்தின் டீப்வாட்டர் ஆலையிலோ, கண்முன் பூச்சிகள் பறப்பதாகத் தோன்றி அவற்றைக் கையால் விரட்டிய தொழிலாளரைக் கண்டு, அக்கட்டடத்திற்குப் ‘பட்டாம்பூச்சி வீடு’ என்று பெயரிட்டனர். 1925இல் நடைபெற்ற அரசு மாநாட்டில் தொழில்நல மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் முதலானோர் எதிர்ப்புத் தெரிவித்தும், மறு ஆண்டில் விற்பனை மீண்டும் தொடங்கியது. தீங்கை எதிர்ப்போரே நிறுவ வேண்டும். அதுவரை பயன்பாடு தொடரலாம் என்னும் கொள்கையே அடுத்த நாற்பது ஆண்டுகள் கோலோச்சியது.

அக்கொள்கையை அசைத்தவர்கள் இருவர். புவியின் வயதைக் கணித்த வேதியியலார் கிளேர் பேட்டர்சன், மனித உடலில் காணப்படும் காரீயம் இயற்கையானதன்று, தொழில்துறையால் பன்மடங்கு பெருகியது என்று 1965இல் எழுதினார். 1979இல் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், மாசாசூசெட்ஸ் மாநிலப் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தார். நோயுற்றவராக யாரும் கருதாத அப்பிள்ளைகளுள், பல்லில் காரீயம் மிகுந்தோர் நுண்ணறிவுத் தேர்விலும் வகுப்பறைக் கவனத்திலும் பின்தங்கியிருந்தனர். பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டவர்கள் அவர்தம் ஆசிரியர்களே என்பது நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தி.

மூளையில் நிகழ்வது

காரீய அயனி, உடலுக்கு இன்றியமையாத சுண்ண அயனியை ஒத்திருப்பதே தீங்கின் வேர். சுண்ணத்திற்கென அமைந்த வாயில்களின் வழியே அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழைகின்றது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறும் இடங்களில் அமர்ந்து, கற்றலுக்கும் நினைவிற்கும் அடிப்படையான செயல்களைத் தடுக்கின்றது. வளரும் மூளையில் எந்த இணைப்பை நிலைநிறுத்துவது, எதனை விலக்குவது என்னும் தேர்வு இளம்பருவத்திலேயே நிகழ்வதால், அப்போது ஏற்படும் குழப்பம் பின்னர் எளிதில் சீர்பெறுவதில்லை. உட்கொண்ட காரீயத்தில் இளங்குழந்தையின் உடல் ஈர்த்துக்கொள்ளும் பங்கு, பெரியவர் உடல் ஈர்ப்பதைப்போல் நான்கைந்து மடங்காகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது.

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறப்பு முதல் தொடர்ந்து கவனிக்கப்பட்டோரின் மூளைப் படங்கள் 2008இல் வெளியாயின. இளமையில் காரீயம் மிகுந்திருந்தோரின் முன்மூளைப் பகுதியில் சாம்பல்நிறப் பொருள் குறைந்திருந்தது. சினத்தை அடக்குதல், திட்டமிடுதல், விளைவை எண்ணிச் செயற்படுதல் ஆகியன அப்பகுதியின் பணிகள். இவற்றைத்தான் நாம் அன்றாட மொழியில் பொறுமை என்றும் அடக்கம் என்றும் கூறுகின்றோம்.

மேலும், குருதியிலிருந்து நீங்கும் காரீயத்தின் ஒரு பகுதி எலும்பில் தங்கிப் பல்லாண்டுகள் உறைகின்றது. கருவுற்ற காலத்திலும், முதுமையில் எலும்பு தேயும் காலத்திலும் அது மீண்டும் குருதியில் கலக்கக்கூடும். இவ்வகையில் தாயின் இளமைக்காலக் காற்று சேயையும் சென்றடைகின்றது.

நெடுங்கால ஆய்வுகள் தரும் சான்று

காரீயத்தின் மனநல விளைவை அறிவதற்குப் பெருந்துணை புரிவது நியூசிலாந்தின் டனிடின் நகர ஆய்வாகும். 1972–73இல் அங்குப் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அரை நூற்றாண்டாகத் தொடர்ந்து கவனிக்கப்பட்டு வருகின்றனர். அவர்களுள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோரின் குருதியில் 11ஆம் வயதில் காரீயம் அளக்கப்பட்டது. சராசரி, டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 11 மைக்ரோகிராம். 2017இல் வெளியான ஆய்வுரையின்படி, ஒவ்வொரு 5 மைக்ரோகிராம் மிகுதிக்கும் 38ஆம் வயதில் நுண்ணறிவு ஈவு 1.61 புள்ளி குறைந்திருந்தது. 2019இல் வெளியான அடுத்த ஆய்வுரை, காரீயம் மிகுந்தோரிடம் மனநலக் கோளாறுகளின் அறிகுறிகள் பொதுவாகச் சற்று மிகுந்தும், எளிதில் கலங்கும் இயல்பு கூடியும், பிறரோடு இணங்கும் இயல்பும் பொறுப்புணர்வும் குறைந்தும் இருந்ததை எடுத்துக்காட்டியது. அந்நகரில் செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றிக் காரீயம் எல்லாரையும் சென்றடைந்திருந்தமையால், வறுமையின் விளைவைக் காரீயத்தின் மீது ஏற்றிவிட்டனர் என்று தள்ளிவிட இயலாது.

2022இலும் 2024இலும் அமெரிக்க ஆய்வாளர்கள் இதனை நாடு முழுமைக்கும் விரித்துக் கணித்தனர். இளமையில் பெற்ற காரீயத்தால் அமெரிக்கர் இழந்தது சராசரியாக ஒருவருக்கு 2.6 நுண்ணறிவுப் புள்ளிகள் என்றும், 1960களின் பிற்பகுதியில் பிறந்தோரிடம் இழப்பு 5.9 புள்ளிகள் என்றும் முதற் கணிப்பு கூறுகின்றது. 2015 வரையில் காரீயத்தால் கூடுதலாக விளைந்த மனநலக் கோளாறுகள் 15 கோடியே 10 லட்சம் என்று இரண்டாம் கணிப்பு மதிப்பிடுகின்றது. 1966 முதல் 1986 வரை பிறந்தோரே மிகுதியும் பாதிப்புற்றோர். இவை நேரில் எண்ணிக் கண்டவை அல்ல. டனிடின் போன்ற ஆய்வுகளின் அளவைக் கொண்டு கணித்தவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஐந்து புள்ளி என்பது சிறிதெனத் தோன்றலாம். தனி ஒருவரிடத்தில் அது கண்ணுக்குப் புலப்படாது. ஆயின் சமுதாயம் முழுவதும் ஐந்து புள்ளி சரியுமானால் நிலைமை வேறு. சராசரி 100ஆக உள்ள ஒரு லட்சம் பேரில், 70க்குக் கீழ் அமைவோர் ஏறத்தாழ 2,300 பேர். சராசரி 95ஆகக் குறைந்தால் அவர்கள் 4,800 பேராவர். 130க்கு மேல் அமைவோரோ 2,300இலிருந்து 1,000ஆகச் சுருங்குவர். மனநலத்திற்கும் இக்கணக்கு பொருந்தும். சராசரியில் நேரும் சிறு நகர்வு, எல்லைக்கோட்டில் நின்ற பலரை நோயின் பக்கம் தள்ளிவிடுகின்றது.

சிங்கப்பூர்ச் சூழல்

1980ஆம் ஆண்டளவில் சிங்கப்பூரில் விற்ற பெட்ரோலில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 கிராம் காரீயம் இருந்தது. ஆண்டுக்கு ஆயிரம் லிட்டர் எரித்த ஒரு கார், 800 கிராம் காரீயத்தைப் பயன்படுத்தியதாகக் கொள்ளலாம். அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே தெருவிற்கு வந்தது. அரசு அவ்வளவைப் படிப்படியாகக் குறைத்து, 1987இல் 0.15 கிராமிற்குக் கொண்டுவந்தது. 1991இல் காரீயமில்லாப் பெட்ரோலை அறிமுகப்படுத்தி, வரிச்சலுகையால் அதனை ஊக்குவித்தது. 1998இல் பழைய பெட்ரோல் மறைந்தது. ஆசியாவில் இதனைக் காலத்தே செய்துமுடித்த நாடுகளுள் சிங்கப்பூரும் ஒன்று என்பதைப் போற்றியே ஆக வேண்டும்.

எனினும் தீங்கின் அளவு எங்கும் ஒன்றுபோல் இருந்திருக்க இயலாது. காரீயத் துகள் சாலையோரத்தில் செறிந்து, விலக விலகக் குறையும் இயல்புடையது. செம்பவாங்கின் திறந்தவெளிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளையைவிட, சிராங்கூன் சாலையின் கடைவீடுகளில், பேருந்தும் லாரியும் நெருங்கிச் செல்லும் ஐந்தடிப் பாதையில் விளையாடிய பிள்ளை மிகுதியாக உள்ளிழுத்திருக்கக்கூடும். ஆனால் கப்பல் பட்டறைத் தொழிலாளர் வீடுகளுக்கு வேறொரு வழியும் உண்டு. அக்காலக் கப்பல்களின் இரும்புத் தகடுகளுக்குத் துருவைத் தடுக்கப் பூசிய செவ்வண்ணம் பொதுவாகக் காரீய ஆக்சைடு கொண்டது. அதனைச் சுரண்டும் வேலையில் எழும் தூசி, உடையோடு வீடுவரை வருவது தொழில்நல மருத்துவம் நன்கறிந்த உண்மை.

இக்காலவரிசையைக் கல்வி வரலாற்றோடு ஒப்புநோக்குதல் பயனுடைத்து. 1979இல் கோ கெங் சுவீ அறிக்கை வெளியானது. தொடக்கநிலை மூன்றாம் வகுப்பிலேயே தேர்வின் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரிக்கும் முறை அதனையொட்டி நடைமுறைக்கு வந்தது. அதாவது, பெட்ரோலில் காரீயம் மிகுந்திருந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளே, சில மதிப்பெண்களால் வாழ்க்கைப்பாதை மாறக்கூடிய தேர்வை முதலில் எழுதினர். இந்திய மாணவரின் கல்வி முன்னேற்றத்திற்காகச் சிண்டா அமைப்பு 1991இல், காரீயமில்லாப் பெட்ரோல் அறிமுகமான அதே ஆண்டில், தோன்றியது. இவ்விரண்டிற்கும் காரண காரியத் தொடர்பு உண்டென்று நாம் கூறவில்லை. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் உயிர்த்தது ஒரே காற்றையே. நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. பின்தங்கிய பிள்ளையைப் பற்றிய உரையாடல் பெரும்பாலும் குடும்பம், மொழி, வருவாய், உழைப்பு ஆகியவற்றைச் சுற்றியே வந்தது. அப்பிள்ளை உயிர்த்த காற்றும் ஒரு காரணமாகலாம் என்ற எண்ணம் அதில் இடம்பெறவில்லை.

தமிழகமும் தேக்காவும்

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடும் தமிழகத் தொழிலாளருள் முப்பது வயதைக் கடந்தோர், காரீயப் பெட்ரோல் காலத்தில் பிறந்தவர்கள். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995இல் காரீயமில்லாப் பெட்ரோல் வந்தபோதிலும், இந்தியா முழுவதும் பழைய பெட்ரோல் ஒழிந்தது 2000ஆம் ஆண்டில்தான். இலங்கையில் அது 2002இல் நிகழ்ந்தது. 1990களின் இறுதியில் இந்திய நகரங்கள் சிலவற்றில் நடத்தப்பட்ட பெருங்கணக்கெடுப்பில், 12 வயதிற்குட்பட்ட சிறாரில் ஏறத்தாழப் பாதிப்பேரின் குருதியில் காரீயம் 10 மைக்ரோகிராமிற்கு மேல் இருந்தது.

தமிழ்ச் சூழலில் நமக்குக் கிடைத்துள்ள முதன்மையான சான்று, 2009இல் வெளியான சென்னை ஆய்வாகும். 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 பிள்ளைகளின் குருதி அதில் ஆராயப்பட்டது. சராசரி 11.4 மைக்ரோகிராம்; ஏறத்தாழ 1980களின் டனிடின் பிள்ளைகளின் அளவு. காரீயம் மிகுந்த பிள்ளைகளிடம் பதற்றமும், பிறரோடு பழகுவதில் இடர்ப்பாடும், கவனக்குறைவும் மிகுந்திருந்தன. இங்கும் நடத்தையை மதிப்பிட்டவர்கள் வகுப்பாசிரியர்களே. பெட்ரோலிலிருந்து காரீயம் நீங்கிய பின்னரும் மின்கல மறுசுழற்சி, பழைய வண்ணப்பூச்சு, நிறமூட்டிய மஞ்சள்தூள் முதலியவற்றின் வழியே அது பிள்ளைகளைச் சென்றடையக்கூடும்.

சாலையில் விழுந்த பழைய காரீயமும் முற்றாக மறைந்துவிடவில்லை. பிரிட்டனில் தடை வந்து இருபதாண்டுகளுக்குப் பின்னும், லண்டன் காற்றில் மிதக்கும் காரீயத்தில் 40 விழுக்காடு வரை பழைய பெட்ரோலிலிருந்து வந்து மண்ணில் தங்கி மீண்டும் எழுந்தது என 2021இல் ஓர் ஆய்வு கண்டது.

ஐயங்களும் வரம்புகளும்

இச்சான்றுகளைக் கொண்டு அனைத்தையும் காரீயத்தின் தலையில் சுமத்துதல் ஆய்வுநெறி ஆகாது. அமெரிக்காவில் 1990களில் குற்றங்கள் குறைந்தமைக்குக் காரீயம் நீங்கியதே காரணம் என்ற கருத்து ஒருகாலத்தில் வலுவாகப் பேசப்பட்டது. ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2022இல் வெளியான மதிப்பீடு, அத்தாக்கம் உண்டெனினும் முன்பு கருதியதைவிடச் சிறிது என்று காட்டியது.

சிங்கப்பூரிலும் எளிய விளக்கம் செல்லாது. 2016இல் நடைபெற்ற சிங்கப்பூர் மனநல ஆய்வில், எழுவரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றிற்கு ஆளானவர் எனத் தெரியவந்தது. அதில் பங்கேற்றோர் 18 வயதிற்கு மேற்பட்டோர். ஆகவே ஏறத்தாழ அனைவரும் 1998க்கு முன் பிறந்தவர்கள். இதைமட்டும் நோக்கினால் காரீயத்தைக் குற்றவாளியாக்கிவிடலாம். ஆனால் 2022ஆம் ஆண்டின் மக்கள் சுகாதாரக் கணக்கெடுப்பில் மனநலம் குன்றியோர் விகிதம் மிகுந்திருந்தது 18 முதல் 29 வயதினரிடம். காரீயம் பெரிதும் குறைந்த பின் வளர்ந்தோர் அவர்கள். மனநலத்திற்குக் காரணங்கள் பல. காரீயம் அவற்றுள் ஒன்று. அது பிறவற்றிலிருந்து வேறுபடுவது, முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடியது என்பதால் மட்டுமே.

முடிவுரை

2021 ஜூலையில் அல்ஜீரியா தன் கடைசி இருப்பை விற்று முடித்ததோடு, கார்களுக்கான காரீயப் பெட்ரோல் உலகிலிருந்து மறைந்தது. சிறு விமானங்களின் எரிபொருளில் அது இன்னும் உள்ளது. தயாரிப்பு நின்றாலும், அதனை எலும்பில் தாங்கியோர் நம்மிடையே இன்னும் நெடுங்காலம் வாழ்வர். அவர்கள் பொருட்டும், பின்வருவோர் பொருட்டும் மூன்று செயல்களை நாம் முன்வைக்கின்றோம்.

முதலாவது, சொல்லாட்சி. பாடநூலிலும் செய்தியிலும் ‘ஈயம்’ என்று பொதுப்படக் கூறாமல், காரீயம், வெள்ளீயம், கிராபைட் எனப் பிரித்து வழங்குதல் வேண்டும். மருத்துவர் தரும் எச்சரிக்கை தமிழரின் அடுக்களை வரை சென்றடைய இதுவே முதற்படி.

இரண்டாவது, விழிப்புணர்வு. வங்காளதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சள் மாதிரிகளில் ஏறத்தாழப் பாதியில் காரீய நிறமி காணப்பட்டது. அரசும் ஆய்வாளரும் இணைந்து செயற்பட்டதால் 2021இல் அது சுழியமாயிற்று. காரணம் தெரிந்தால் களைதல் கடினமன்று என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, ஆசிரியர் பணி. மாசாசூசெட்ஸிலும் சென்னையிலும் காரீயத்தின் சுவடு ஆசிரியரின் கண்வழியே ஆய்வில் பதிவாயிற்று. அதே கண்தான் வகுப்பறையில் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்றும் அடங்காதவன் என்றும் எடைபோடுகின்றது. 1970களிலும் 1980களிலும் அவ்வாறு பெயர் பெற்றுப் பள்ளியை விட்டு நீங்கியோர் இன்று நம் மாணவர்களின் பெற்றோராகவும் பாட்டன்மாராகவும் உள்ளனர். அவர்களுள் யாருடைய குறை காரீயத்தால் வந்தது, யாருடையது பிறவற்றால் வந்தது என்று இனி எவராலும் பிரித்தறிய இயலாது. அதனாலேயே, அப்பெயரை எல்லாரிடமிருந்தும் நீக்கிவிடுதலே நேர்மை. ஒரு பிள்ளையின் கவனம் சிதறும்போது, அவன் ஒழுக்கத்தை ஐயுறுமுன் அவன் உண்ணும் உணவையும் உயிர்க்கும் காற்றையும் உறங்கும் வீட்டையும் வினவும் பழக்கம் நம்மிடம் வேரூன்றுமாயின், இவ்வரலாற்றிலிருந்து நாம் கற்றது வீண்போகாது.